மலையை விட்டு இறங்கினாலும் ராக்கீஸ் பிட்சர்கள் அடி வாங்குவது ஏன்?

கேள்வி: மே 28, 2025, மாலை

டென்வர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு, பந்து பறக்கிறது, அதனால் அந்த ஊர் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸின் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பாவம் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சரி. அப்படியானால் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போகும்போது அவர்கள் பிரமாதமாக வீச வேண்டாமா? வெளியூரிலும் தோல்விதானே? மலை வெறும் சாக்கு. திறமை இல்லை, அவ்வளவுதான். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

மே 28, 2025, இரவு

திறமை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாக்கு என்பதை ஏற்க மாட்டேன்.

இன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் கப்ஸ் அணியிடம் மூன்றாவது ஆட்டமும் போயிற்று, 2-1. திங்கள்கிழமை 3-1. செவ்வாய்க்கிழமை வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 11 வரை இழுத்துப் பிடித்து 4-3. கூட்டிப் பாருங்கள்: மூன்று நாளில் பிட்சர்கள் விட்டுக்கொடுத்தது 9 ரன், நம் பேட்டர்கள் எடுத்தது 5 ரன். இந்தத் தொடருக்குப் பிட்சர்களைத் திட்டுவது அநியாயம். வெளியூரில் தோற்பது வேறு, வெளியூரில் மோசமாக வீசுவது வேறு. ராக்கீஸ் விஷயத்தில் இரண்டுமே நடக்கிறது, ஆனால் எப்போதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

ரிக்லி என்றதும் 2018 அக்டோபர் 2 ஞாபகம் வராமல் இருக்காது. கப்ஸோடு வைல்ட் கார்ட் ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. டென்வரிலேயே பிறந்து வளர்ந்த கைல் ஃப்ரீலாண்ட் ஏழாவது இன்னிங்ஸ் வரை வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 13 இன்னிங்ஸ் போய் 2-1 என்று ஜெயித்தோம். அதே மைதானம், அதே ஸ்கோர். அந்த அணியிடம் இருந்த எது இன்று இல்லை என்பதுதான் உண்மையான கேள்வி.

மே 29, 2025

காற்று விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இது தெரியாமல் மேலே பேச முடியாது.

ராக்கீஸின் சொந்த மைதானமான கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. மேல் அடுக்கில் ஒரு வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் ஊதா நிறம். அங்கே உட்கார்ந்தால் சரியாக ஒரு மைல் உயரம். எனக்குப் பிடித்த இடம் அது. அங்கிருந்து பார்த்தால், உயரே எழும்பிய பந்து கீழே வர மனமில்லாமல் போய்க்கொண்டே இருப்பது நன்றாகத் தெரியும்.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. இதற்கு இரண்டு விளைவுகள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது, அடித்த பந்து தூரம் போகும். இன்னொன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பிட்சருக்கு அதுதான் பெரிய இடி. சுழலும் பந்து வளைவது காற்றைத் தள்ளித்தான். தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் வளைவும் அதே விகிதத்தில் குறையும். கடலோரத்தில் பதினெட்டு அங்குலம் விழும் கர்வ் பால் இங்கே பதினைந்தோடு நின்றுவிடும். ஃபாஸ்ட் பாலுக்கும் அதேதான். பின்சுழற்சியால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது போல வரும் பந்து இங்கே அந்தத் தூக்கலை இழந்து நேராக மட்டைக்கு வருகிறது.

வார இறுதியில் இங்கே பூங்காக்களில் கிரிக்கெட் ஆடும் நம் ஆட்களைக் கேளுங்கள். சென்னையில் காலை நேரத்தில் ஸ்விங் செய்தவர்கள் இங்கே வந்து புதுப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் மிதவேகம்தான் போடுவேன். மணிக்கட்டை எப்படி வைத்தாலும் பந்து நூல் பிடித்த மாதிரி நேரே போகும்.

மே 29, 2025, மறுபடியும்

ஈ.ஆர்.ஏ. என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபீல்டர் தவறால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. மூன்று என்றால் மிக நல்ல பிட்சர். நான்கு சொச்சம் சராசரி. ஆறைத் தாண்டினால் வேலை போகும். ராக்கீஸில் மட்டும் ஆறைத் தாண்டினாலும் வேலை போகாது, அந்த இடத்துக்கு வர வேறு ஆள் இல்லை.

மே 31, 2025

இப்போது அசல் கேள்வி. கீழே இறங்கினால் பந்து நன்றாக வளையும். அது வரம்தானே?

வரமாக இருக்க வேண்டியது ஏன் அப்படி இருப்பதில்லை என்பதை என் மகனிடம் பார்த்தேன். பள்ளி அணியில் பிட்சர். போன கோடையில் ஹூஸ்டனில் ஒரு போட்டிக்குப் போனார்கள். முதல் நாள் அவன் போட்ட கர்வ் பால் எல்லாம் பேட்டர் நிற்கும் தட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. இங்கே பழகிய இடத்தைக் குறி வைத்துத்தான் எறிந்தான், பந்துதான் அங்கே கூடுதலாக விழுந்தது. பேட்டர்கள் சும்மா நின்றார்கள். குறி தப்பிய பந்துக்குப் 'பால்' என்று பெயர், நான்கு ஆனால் பேட்டருக்கு முதல் தளம் இலவசம். இரண்டு பால், மூன்று பால் என்று எண்ணிக்கை ஏறியதும் வேறு வழியில்லாமல் நடுவில் ஃபாஸ்ட் பால். அடி. கடைசி நாளுக்குள் குறியை உயர்த்திப் பிடித்துக்கொண்டான், பார்க்கவே அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் ஆட்டத்தில் அதே உயர்த்திய குறியோடு போட, பந்து விழாமல் இடுப்பு உயரத்தில் தொங்கியது. மறுபடியும் அடி.

பதின்மூன்று வயதுப் பையனுக்கு இது ஒரு கோடை அனுபவம். ராக்கீஸ் பிட்சருக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இதே வாழ்க்கை. 81 ஆட்டம் மேலே, 81 ஆட்டம் கீழே. ஒரு வாரம், பத்து நாளைக்கு ஒரு முறை கை தன் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வீசுகிறார் என்பதால், பல பயணங்களில் கீழே ஒரே ஒரு ஆட்டம்தான் அவருக்குக் கிடைக்கும். பழகுவதற்குள் ஊர் திரும்பியாயிற்று.

டேரில் கைல் கதையை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். கர்வ் பாலுக்குப் பெயர் போனவர். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் 1998-இல் டென்வர் வந்தார். முதல் ஆண்டு ஈ.ஆர்.ஏ. 5.20, அடுத்த ஆண்டு 6.61. செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள். 2000-இல் அங்கே 20 வெற்றி. ஆள் அதே ஆள், கர்வ் பாலும் அதே கர்வ் பால். 2002 ஜூனில் அணியோடு சிகாகோவுக்குப் போயிருந்தபோது ஹோட்டல் அறையிலேயே இறந்துபோனார், வயது 33. அவரைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அப்புறம் மைக் ஹாம்ப்டன். 2000 டிசம்பரில் 8 ஆண்டு, 121 மில்லியன் டாலர். அந்தச் சமயத்தில் எந்தப் பிட்சருக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடையாது. முதல் ஆண்டு 5.41, இரண்டாம் ஆண்டு 6.15, அதோடு அனுப்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் 2001-இல் அவரே பேட் பிடித்து 7 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். பிட்சர்களும் பேட் செய்த காலம். மெல்லிய காற்று எடுத்ததில் கொஞ்சம் திருப்பியும் கொடுத்திருக்கிறது.

ஜூன் 1, 2025

நியூயார்க் மெட்ஸ் அணியிடமும் மூன்றும் போயிற்று. 9 வெற்றி, 50 தோல்வி. நவீன காலத்தில் எந்த அணியும் இப்படித் தொடங்கியதில்லை. இன்றைக்கு எழுத வேறு எதுவும் தோன்றவில்லை.

ஜூன் 2, 2025, காலை

நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "மற்ற அணிகளும்தானே டென்வருக்கு வந்து போகின்றன? அவர்களுக்கு மட்டும் குறி மாறாதா?"

மாறும். மூன்று நாள் மாறும். வந்து அடி வாங்கிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள், ஆண்டில் ஒரு முறையோ இரண்டு முறையோ. எங்கள் பிரிவில் இருக்கும் மற்ற நான்கு அணிகளைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, சான் ஃபிரான்சிஸ்கோ மூன்றும் கடலோரம். ஃபீனிக்ஸ் ஆயிரத்துச் சொச்சம் அடிதான். மலை ஏறி இறங்கியே பிழைக்க வேண்டிய அணி முப்பதில் ஒன்றே ஒன்று.

இது பாதிக் காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற பாதி. வெளியூர் பயணத்தில் வரும் பிட்சிங் சிக்கல் டென்வரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

கூர்ஸ் ஃபீல்டில் ஒரு இன்னிங்ஸ் சீக்கிரம் முடியாது. வெளிமைதானம் பெரிது, மெலிந்த காற்றில் பந்து இடைவெளிகளில் விழுந்துகொண்டே இருக்கும். வேறு ஊரில் பதினைந்து பந்தில் முடிய வேண்டியது இங்கே இருபத்தைந்து ஆகும். ஸ்டார்ட்டர் நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸில் வெளியேறுவார். மிச்ச நான்கு, ஐந்து இன்னிங்ஸையும் புல்பென், அதாவது பின்னால் வந்து வீசும் ரிலீவர்கள், சுமக்க வேண்டும். அடுத்த நாளும் அதே கதை. ஒரு வாரம் வீட்டில் ஆடி முடிக்கும்போது ரிலீவர்களில் பாதிப் பேருக்குக் கை ஓய்ந்திருக்கும். அந்தக் கையோடு இரவு விமானம். பயணத்தின் முதல் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் யாரைக் கூப்பிடுவது என்று மேனேஜர் பட்டியலைப் பார்த்தால், ஓய்வெடுத்தவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள்.

மே 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சான் டியேகோ பாட்ரேஸ் கூர்ஸ் ஃபீல்டில் வந்து 21-0 என்று அடித்த நாள். அவர்களுடைய ஸ்டீஃபன் கோலெக் ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் வீசிவிட்டுப் போனார். நம் பக்கத்தில் அந்த 21 ரன்னையும் வாங்க எத்தனை கைகள் உழைத்திருக்கும் என்று யோசியுங்கள். மறுநாள் 9-3 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை நீக்கினார்கள். அப்போது கணக்கு 7 வெற்றி, 33 தோல்வி. வாரன் ஷேஃபர் தற்காலிகமாக வந்தார். களைத்த புல்பென் அப்படியே அவர் கைக்குப் போனது.

"புதுக் கை கொண்டுவர வேண்டியதுதானே?" கொண்டுவரலாம், ஆனால் விதி கட்டிப்போடுகிறது. 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது. களைத்தவரைக் கீழ்மட்ட அணிக்கு அனுப்பினால், யாருக்காவது காயம் ஏற்பட்டால் ஒழிய, 15 நாள் அவரைத் திரும்ப அழைக்க முடியாது. வருகிறவர் எங்கிருந்து வருகிறார்? நம் கீழ்மட்ட அணி இருக்கும் ஆல்புகெர்க்கியிலிருந்து. அதுவும் ஐயாயிரம் அடி உயரம்! அங்கேயும் பிட்சர்கள் இதே அடியை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 2, 2025, மதியம்

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆல்புகெர்க்கிக்கு முந்தைய படிகளான மற்ற கீழ்மட்ட அணிகள் எங்கே இருக்கின்றன? ஃப்ரெஸ்னோ, ஸ்போகேன், அப்புறம் ஹார்ட்ஃபோர்ட். எல்லாம் தாழ்வான ஊர்கள். ஹார்ட்ஃபோர்ட் கிட்டத்தட்ட கடல் மட்டம். ஒரு இளம் பிட்சர் இரண்டு மூன்று ஆண்டு கனமான காற்றில் தன் கர்வ் பாலைச் செதுக்குகிறான். "உன் பலம் இதுதான்" என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அதை நம்பி மேலே வருகிறான், மேலே வந்ததும் அந்தப் பலம் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. 22 வயதுப் பையனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வருமா வராதா? வந்த சந்தேகம் வெளியூர் போனதும் தானாகவா போய்விடும்?

ஜூன் 2, 2025, மாலை

எதிரணி மைதானத்தில் புல்பென்னுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கடைசி அரை இன்னிங்ஸ் எப்போதும் உள்ளூர் அணிக்குத்தான். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் ஆட்டம் சமநிலையில் இருந்தால், ஒரு தப்பான பந்தோடு எல்லாம் முடிந்தது, பதிலடி கொடுக்க வாய்ப்பே கிடையாது. இந்த சீசனின் முதல் ஆட்டமே அப்படித்தான் போனது. மார்ச் 28, டாம்பா. புயலில் டாம்பா பே ரேஸ் மைதானத்தின் கூரை பிய்ந்துபோனதால் ஸ்டெய்ன்பிரென்னர் ஃபீல்டில் நடந்தது. 2-2 என்று நின்றது, கேமரன் மிஸ்னர் என்ற பையன் ஒன்பதாவதில் ஒரு ஹோம் ரன், 3-2, எல்லாரும் வீட்டுக்கு. அந்த இரவே மனத்தில் ஏதோ உறுத்தியது.

மேனேஜர் தன் சிறந்த ரிலீவரை அந்தச் சமநிலையில் இறக்குவதா, அல்லது பத்தாவதில் முன்னிலை கிடைத்தால் அதைக் காப்பதற்காக எடுத்து வைத்துக்கொள்வதா? வெளியூரில் முன்னிலைக்காகக் காத்திருந்து, அவரைப் பயன்படுத்தாமலேயே தோற்ற ஆட்டங்கள் எல்லா அணிகளுக்கும் உண்டு. நான் மேனேஜராக இருந்தால் சமநிலையிலேயே இறக்குவேன். இன்று தோற்றுவிட்டால் அந்தப் பத்தாவது இன்னிங்ஸ் வரவே போவதில்லை.

ஜூன் 4, 2025, இரவு

மயாமியில் மூன்றுக்கு மூன்று! மூன்றுமே நெருக்கமான ஆட்டங்கள். கடைசி இன்னிங்ஸ்களில் புல்பென் நின்று பிடித்தது. இந்த ஆண்டின் முதல் தொடர் வெற்றி, அதுவும் வெளியூரில், அதுவும் கடல் மட்டத்தில்.

12-50. எனக்கு இது போதும். தூங்கப் போகிறேன்.

ஜூன் 5, 2025

இந்த ஒன்பது ஆட்டப் பயணத்தை மொத்தமாகத் திரும்பிப் பார்க்கிறேன். சிகாகோவில் பிட்சிங் தாங்கியது, பேட்டிங் இல்லை. நியூயார்க்கில் தோல்வி. மயாமியில் பிட்சிங் தாங்கியது, பேட்டிங்கும் வந்தது. கேள்வி கேட்டவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது: கீழே இறங்கினால் பிட்சர்கள் உண்மையிலேயே கொஞ்சம் நன்றாகத்தான் வீசுகிறார்கள். அது வெற்றியாக மாறாததற்குக் காரணம் பேட்டர்கள். மேலே வளையாத பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கீழே எல்லாமே பேயாட்டம் ஆடும். இதைக் கூர்ஸ் மயக்கம் என்று ரசிகர்கள் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். ரன் வராத அணியின் பிட்சர் ஒவ்வொரு பந்தையும் கடைசிப் பந்து மாதிரி போட வேண்டியிருக்கிறது. மூலையைத் தேடித் தேடி நான்கு பால் ஆகி வாக் (இலவசத் தளம்) கொடுக்கிறார், ஒரே ஒரு தப்புக்கு ஆட்டத்தையே விலையாகக் கொடுக்கிறார். எனவே பேட்டிங் குறையும் பிட்சர் கணக்கில்தான் ஏறுகிறது.

ஜூன் 8, 2025

பேச்சு ஈரப்பெட்டிப் பக்கம் போயிருக்கிறது. யாரோ அது ஏமாற்று வேலை என்று எழுதியிருந்தார்கள். கிடையாது. 2002-இல் கூர்ஸ் ஃபீல்டில் ஒரு அறை அமைத்து, பந்துகளை 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்க ஆரம்பித்தார்கள். இங்கே காற்று மெலிசு மட்டும் இல்லை, வறட்சியும் அதிகம். காய்ந்த பந்து மட்டையில் பட்டுத் துள்ளும், கைக்கும் வழுக்கும். ஈரப்பதத்தில் வைத்தால் இரண்டும் சரியாகும். லீக்குக்குத் தெரிந்தேதான் செய்தார்கள். 2022 முதல் முப்பது மைதானங்களிலும் இது கட்டாயம். ஆனால் ஈரப்பெட்டி பந்தை மாற்றும், காற்றை மாற்றாது. போன வளைவு திரும்பி வரவில்லை.

கிரிக்கெட்டில் இப்படி உண்டா என்று கேட்டவருக்கு: ஜோகன்னஸ்பர்க். டென்வரைவிடச் சற்றே உயரம். 2006 மார்ச் 12-இல் ஆஸ்திரேலியா 434 அடிக்க, தென் ஆப்பிரிக்கா 438 அடித்து ஜெயித்தது அங்கேதான். காற்று ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மைதானத்தில் தூக்கி அடித்த பந்து எப்படிப் போகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் 8, 2025, பின்னிரவு

2012-ஐ யாருமே சொல்லவில்லையே! ராக்கீஸ் நிர்வாகம் துணிந்து ஒரு சோதனை செய்தது. ஜூனிலிருந்து ஐந்து ஸ்டார்ட்டர்களுக்குப் பதில் நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 75 பந்து எல்லை, பின்னால் நீண்ட நேரம் வீசும் ரிலீவர்கள். மைதானத்தின் உயரத்தை வைத்து அதற்கு 5183 திட்டம் என்று பெயர். சீசன் 64-98 என்று முடிந்தது, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். ஸ்டார்ட்டரைக் குறைந்த பந்துகளோடு நிறுத்துவது இன்று எல்லா அணிகளும் செய்வது. அவர்கள் சிக்கலைச் சரியாகப் பிடித்தார்கள்: இந்த ஊரில் பிட்சரின் கை சீக்கிரம் ஓய்கிறது. அன்று அதைச் செய்ய நல்ல பிட்சர்கள் இல்லை, அதோடு ஒரே சீசனில் கைவிட்டுவிட்டார்கள். கைவிட்டதுதான் எனக்கு வருத்தம். சோதனை செய்து கற்றுக்கொள்ள வேறு எந்த அணியைவிடவும் இந்த அணிக்குத்தான் தேவை அதிகம்.

செப்டம்பர் 29, 2025

நேற்று சான் ஃபிரான்சிஸ்கோவில் தோல்வியோடு சீசன் முடிந்தது. மே மாதக் கேள்விக்கு இப்போது முழுக் கணக்கு இருக்கிறது.

43 வெற்றி, 119 தோல்வி. வீட்டில் 25-56. வெளியூரில் 18-63. எடுத்த ரன் 597, கொடுத்தது 1,021. வித்தியாசம் 424, 1900-க்குப் பிறகு எந்த அணியும் இவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை. ஸ்டார்ட்டர்களின் ஈ.ஆர்.ஏ. 6.65. இந்தக் கணக்கு 1913-இல் முறையாகத் தொடங்கியதிலிருந்து இதுதான் மிக மோசம்.

ஹெர்மன் மார்க்கெஸ் 3 வெற்றி, 16 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.70. இதே மார்க்கெஸ் 2019 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே ஒரு ஹிட் கொடுத்து முழு ஆட்டத்தையும் வீசியவர். முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பந்தில் அந்தக் கூர்மை இல்லை. ஃப்ரீலாண்ட் 5-17, 4.98. அந்த 17 தோல்விகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. இந்த ஊர்ப் பையன், ஓடிப்போக நினைக்காதவன்.

கேள்வி கேட்டவர் கட்டாயம் பார்க்க வேண்டியது சேஸ் டாலண்டரின் கணக்கு. அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் 2023 தேர்வில் ஒன்பதாவது ஆள், இந்த ஏப்ரலில்தான் அறிமுகம். மொத்த ஈ.ஆர்.ஏ. 6.52. பிரித்துப் பாருங்கள்: கூர்ஸ் ஃபீல்டில் 9.98, வெளியூரில் 3.46. ஒரே கை, ஒரே சீசன். வெளியூரில் மட்டும் வீசியிருந்தால் இவனை நல்ல புதுமுகம் என்று எல்லாரும் பேசியிருப்பார்கள். மலை சாக்கு என்று இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

அதே சமயம் மலைதான் தலைவிதி என்றும் சொல்ல விட மாட்டேன். 2018-இல் ஃப்ரீலாண்ட் கூர்ஸ் ஃபீல்டில் 2.40 என்று வீசினார், வெளியூரைவிட வீட்டில் நன்றாக. எப்படி? உள்ளே, வலது கை பேட்டரின் கைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். வளைவை நம்பாமல் இடத்தை நம்பினார். உபால்டோ ஹிமெனெஸ் 2010-இல் 19 ஆட்டம் ஜெயித்தார், அந்த ஏப்ரலில் அட்லாண்டாவில் ராக்கீஸ் வரலாற்றின் முதல் நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம். கூர்ஸ் ஃபீல்டில் இதுவரை ஒரே நோ-ஹிட்டர், 1996-இல் டாட்ஜர்ஸின் ஹிதியோ நோமோ போட்டது. முடியாதது இல்லை. எல்லாருக்கும் எப்படி முடிய வைப்பது என்பதை 32 வருஷத்தில் இந்த அணி ஒரு முறையாக எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பிட்சரும் தானே கண்டுபிடித்து, போகும்போது கையோடு கொண்டுபோய்விடுகிறார்.

செப்டம்பர் 30, 2025

"எந்தப் பந்து இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும்?" நல்ல கேள்வி. போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும் ஸ்லைடர், துப்பாக்கித் தோட்டா சுழல்வதுபோல. அது காற்றைப் பக்கவாட்டில் தள்ளி வளைவதில்லை, அதனால் மெல்லிய காற்றில் இழப்பதும் குறைவு. அப்புறம் சேஞ்ச்அப். அதன் ஏமாற்று பெரும்பாலும் வேக வித்தியாசத்தில் இருக்கிறது, அது எந்த உயரத்திலும் கெடாது. பிட்சர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இரண்டையும் தேடினால், ஏறி இறங்கும்போது குறி மாற்ற வேண்டிய சுமை பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். என் மகனும் இப்போது கர்வ் பாலைக் குறைத்துவிட்டு சேஞ்ச்அப் பழகுகிறான். அவன் பயிற்சியாளர் சொன்னது, நான் சொல்லவில்லை.

நவம்பர் 9, 2025

பால் டிபொடெஸ்டாவை பேஸ்பால் பிரிவின் தலைவராகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓக்லாந்தில் கணக்குப் பார்த்து அணி கட்டிய காலத்து ஆள், பிறகு டாட்ஜர்ஸில் பொது மேலாளர், 2016 முதல் கிளீவ்லாந்தில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. பத்து வருஷம் வேறு விளையாட்டில் இருந்தவர் எதற்கு என்று பலர் கொதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. வெளியே இருந்து ஒருவர் வந்து "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டே ஆக வேண்டிய இடம் இது. முதல் இரண்டு ஆண்டு வெற்றியை எதிர்பார்க்க மாட்டேன். ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் பிட்சரை, அவன் தயாராகும் முன்பே, சில வாரம் ஆல்புகெர்க்கிக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து, ஏறி இறங்குவதையே பாடமாக்குகிறார்களா என்று பார்ப்பேன். நீண்ட வீட்டுத் தொடர் முடிந்து கிளம்பும் பயணத்தின் முதல் நாளுக்கென்று ஒரு புதுக் கையைத் தனியாக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

மார்ச்சில் ஸ்காட்ஸ்டேலில் ராக்கீஸின் வசந்தப் பயிற்சிக்குக் குடும்பத்தோடு போகிறோம். டாலண்டர் வீசும் நாளுக்கு டிக்கெட் எடுக்கப் பார்க்கிறேன். ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் யாராவது, அந்த மைதானத்தில் மதிய ஆட்டத்துக்கு எந்தப் பக்கம் நிழல் விழும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அம்மாவும் கூட வருகிறார், வெயில் தாங்க மாட்டார்.